கடைசி வரி படித்துவிட்டால் போதுமா?

"கடைசி வரி வரைக்கும் படிச்சுட்டீங்க, நரம்புக்கு ஒண்ணுமில்ல." விழுப்புரம், திண்டிவனம் பக்கம் தைராய்டால் கண் வீங்கியவர்களுக்குக் கண்ணாடிக் கடையிலும் முகாமிலும் எளிதாகக் கிடைத்துவிடும் உறுதிமொழி இது. இதை நம்பி 'ஃபீல்டு டெஸ்ட்' எனப்படும் பார்வைப் புலச் சோதனையைத் தள்ளிப்போடுவது தவறு.

எழுத்துப் பலகை சோதிப்பது பார்வையின் நட்டநடுவை மட்டுமே. 6/6 வரியில் உள்ள எழுத்து 9 மில்லிமீட்டர் உயரம்கூட இருக்காது. 6 மீட்டர் தூரத்திலிருந்து அதைப் படிக்கப் பார்வைப் பரப்பில் ஒரு பாகைக்கும் குறைவான துளி இடம் போதும். கண்குழிக்குள் தசைகள் வீங்கிப் பார்வை நரம்பு நசுங்கும்போது அந்த நடு இடம் தப்பிவிட, அதைச் சுற்றியுள்ள பகுதி, குறிப்பாகக் கீழ்ப்பாதி, முதலில் மங்குவது உண்டு. அப்படிப்பட்டவர் பலகையைத் தடங்கலில்லாமல் படிப்பார். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது படி தவறுவார். ஃபீல்டு டெஸ்ட்டில் ஒரு கண்ணை மறைத்து, தாடையைத் தாங்கியில் வைத்து, வெள்ளைக் கிண்ணத்தின் நடுவிளக்கையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சுற்றிலும் எங்காவது புள்ளி வெளிச்சம் மினுக்கினால் பொத்தானை அழுத்த வேண்டும். வழக்கமான 24-2 முறையில் இப்படி 54 இடங்களை இயந்திரம் சோதிக்கிறது.

"டார்ச் அடிச்சுப் பார்த்தாச்சு, சொட்டு மருந்து விட்டு உள்ளேயும் பார்த்தாச்சு" என்பது அடுத்த சமாதானம். டார்ச் சோதனை ஒரு கண்ணை மறு கண்ணோடு ஒப்பிடுவது. இந்த நோயோ பெரும்பாலும் இரண்டு கண்ணையும் பிடிக்கும். இரண்டும் ஒரே அளவில் கெட்டிருந்தால் வித்தியாசம் தெரியாது. நரம்பு நசுங்குவது கண்குழியின் ஆழத்தில், எலும்புக்குள் அது நுழையும் குறுகிய இடத்தில். அதனால் சொட்டு மருந்து விட்டுப் பார்க்கும்போது தெரியும் நரம்பின் முன்முனை, அதாவது நரம்பு வட்டு, பலருக்குச் சாதாரணமாகவே இருக்கும்.

கண் பிதுங்கினால்தான் ஆபத்து என்பதும் சரியில்லை. கண்ணை அசைக்கும் தசைகள் வீங்கும்போது கண் முன்னால் தள்ளப்பட்டால் உள்ளே அழுத்தம் கொஞ்சம் குறையும். இமையும் அதன் பின்னுள்ள சவ்வும் இறுகி, கண் முன்னால் வர முடியாதவருக்குத்தான் முழு அழுத்தமும் நரம்பின் மேல் விழுகிறது.

ரத்தப் பரிசோதனையில் டி.எஸ்.எச். அளவு சரியாகிவிட்டது, இனிக் கண்ணுக்குக் கவலையில்லை என்பார்கள். மாத்திரை சுரப்பியைக் கட்டுப்படுத்தும். கண்குழியைத் தாக்கும் எதிர்ப்பணுக்கள் அந்த ரிப்போர்ட்டைப் பார்த்து நடப்பதில்லை. பீடி, சிகரெட் பிடிப்பவருக்குக் கண் பாதிப்பு இன்னும் மோசமாகும்.

தூரத்தைச் சொல்லித் தட்டிக்கழிக்கவும் வழியில்லை. புதுச்சேரி கோரிமேட்டில் ஜிப்மர் மருத்துவமனை இருக்கிறது, தவளக்குப்பத்தில் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது. விழுப்புரத்திலிருந்தோ திண்டிவனத்திலிருந்தோ காலையில் பஸ் ஏறினால் மாலைக்குள் வீடு திரும்பலாம்.

எதிர்ப்பக்க மிகை ஒன்றும் உண்டு: ஃபீல்டு டெஸ்ட் முடிவு அச்சாகி வரும் தாள் ஒன்றே தீர்ப்பு என்று நினைப்பது. முதல்முறை சோதனைக்கு உட்காருபவர் பதற்றத்தில் தாறுமாறாக அழுத்துவார்; கண்ணில் நீர் வழிந்தாலும் முடிவு கெடும். இந்த நோயில் கண் அழுத்தமும் ஏறலாம் என்பதால், தாளில் விழும் கறுப்பு வளைவைக் கண்ணழுத்த நோய், அதாவது குளுக்கோமா, என்று எடுத்துக்கொண்டு சொட்டு மருந்திலேயே மாதங்கள் ஓடிவிடும் அபாயமும் இருக்கிறது. ஆகவே தைராய்டு நோய் இருப்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்ல வேண்டும். சிவப்பு நிறம் வெளிறித் தெரிந்தால் அதையும் சொல்ல வேண்டும். நிறப்பார்வைச் சோதனை, சி.டி. ஸ்கேன் இவற்றோடு சேர்த்துத்தான் மருத்துவர் தாளைப் படிப்பார். தேவைப்பட்டால் ஃபீல்டு டெஸ்ட்டைத் திரும்ப எடுப்பார். நசுங்கல் உறுதியானால் மீதைல்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மருந்தை ரத்தக் குழாய் வழி ஊசியாக அதிக அளவில் கொடுப்பார்கள். இரண்டு வாரத்துக்குள் பார்வை தேறாவிட்டால், கண்குழி எலும்பை எடுத்து இடம் உண்டாக்கும் அறுவை சிகிச்சைதான்.