பால் நோட்டில் இன்னும் ஒரு கட்டம்

மாண்புமிகு பால்வளத் துறை அமைச்சர் அவர்களுக்கு,

என் அம்மாவின் பழைய பால் நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். காலை, மாலை, லிட்டர், கொழுப்பு, எஸ்.என்.எப்., விலை என்று கட்டம் கட்டமாகப் போகிற அந்த நோட்டில், ஒரு பக்கத்தில் மட்டும் 7.8 என்ற எண்ணைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கிறது. பசும்பாலில் எஸ்.என்.எப்., அதாவது கொழுப்பு நீங்கலான சத்துகள், 8.3 சதவீதமாவது இருக்க வேண்டும் என்பது விதி. அதில் அரைப்புள்ளி குறைந்ததற்குத்தான் அந்த வட்டம்.

பவானிக்கு மேற்கே ஒரு சிற்றூர் எங்களுடையது. அன்று காலை பால் சொசைட்டியில் இருபது பேர் கேனோடு வரிசையில் நிற்க, பால் அளக்கிற பையன் சொன்னான்: "ஏனுங்கத்தை, பாலு இன்னைக்கு ரொம்பத் தெளிவா இருக்குதுங்." நேராகத் திட்டியிருந்தால் அம்மாவும் பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லியிருப்பார். இதற்கு என்ன பதில் சொல்வது? வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் அர்த்தம் புரிந்துவிட்டது. வீட்டுக்கு வந்து கேனைத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். அடுத்த மூன்று நாள் பால் ஊற்ற என்னைத்தான் அனுப்பினார்.

சில வாரம் கழித்து, சினை பார்க்க வந்த கால்நடை டாக்டர் பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் தட்டை எடுத்தார். நாலு குழி உள்ள தட்டு. காம்புக்கு ஒரு குழியாகக் கொஞ்சம் பால் கறந்து, அதே அளவுக்கு ஊதா நிறக் கரைசலை ஊற்றி, தட்டை மெல்லச் சுழற்றினார். மூன்று குழியில் பால் தண்ணீராகவே ஓடியது. பின்பக்க இடது காம்பின் பால் முட்டை வெள்ளைக்கரு மாதிரி திரண்டு, தட்டைச் சாய்த்தபோது மொத்தமாக வழுக்கி வந்தது. மடியில் வீக்கமில்லை, சூடில்லை, பாலில் திரி திரியாக எதுவும் இல்லை. ஆனாலும் உள்ளே நோய் இருந்தது. அறிகுறி காட்டாத மடிநோய் என்றார்.

அம்மா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "அப்ப அந்த டிகிரி குறைஞ்சது இதனாலதானுங்களா?"

அதற்கு அறிவியலில் தெளிவான பதில் இருக்கிறது. பாலும் மாட்டின் இரத்தமும் சவ்வூடுபரவல் அழுத்தத்தில் ஒன்றுக்கொன்று சமமாக நிற்பவை. அந்தச் சமநிலையைப் பெருமளவு தாங்குவது பால் சர்க்கரை. கிருமி தாக்கியதும் மடியின் சுரப்புச் செல்கள் சர்க்கரையைக் குறைவாகவே செய்கின்றன. அந்தக் குறையை ஈடுகட்ட இரத்தத்திலிருந்து உப்பு பாலுக்குள் கசிகிறது. மடிநோய்ப் பால் கரிப்பது அதனால்தான். சர்க்கரையும் கேசீன் புரதமும் குறைவதால் எஸ்.என்.எப். இறங்குகிறது. பாலில் மிதக்கவிட்டு டிகிரி பார்க்கிற லாக்டோமீட்டருக்குத் தெரிவது அடர்த்தி மட்டும்தான். அது இறங்கியதற்குக் காரணம் குழாய்த் தண்ணீரா, கிருமியா என்று அதற்குத் தெரியாது.

தெரிந்துகொள்ள வழி இருக்கிறது. தண்ணீர் கலந்தால் பாலின் உறைநிலை சுழியத்தை நோக்கி நகரும். மடிநோயில் சர்க்கரை போன இடத்தில் உப்பு வந்துவிடுவதால் உறைநிலை பெரிதாக மாறுவதில்லை. அந்தச் சிவப்பு வட்டத்தைப் போடுவதற்கு முன் இந்த வித்தியாசத்தைப் பார்த்திருக்க வேண்டாமா?

டாக்டர் கொண்டுவந்த தட்டும் புதுக் கண்டுபிடிப்பு இல்லை. கலிபோர்னியாவில் சால்ம், நூர்லாண்டர் என்ற இருவர் 1957-இல் வெளியிட்ட சோதனை அது. நோயை எதிர்க்க மடிக்குள் வந்து குவியும் வெள்ளணுக்களைச் சோப்புத் தன்மையுள்ள கரைசல் உடைக்கிறது. உள்ளிருந்து வெளிவரும் டி.என்.ஏ. பாலைத் திரள வைக்கிறது. பாகிஸ்தானின் பைசலாபாத் ஆராய்ச்சியாளர்கள் துணி துவைக்கும் சோப்புத்தூளை 3 சதவீதக் கரைசலாக்கி இதே வேலையை வாங்கிக் காட்டினார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒரு மில்லி பாலில் வெள்ளணுக்கள் உள்ளிட்ட செல்கள் 4 லட்சத்துக்கு மேல் போகக்கூடாது என்று வரம்பே உண்டு.

நம்மிடமும் ஆராய்ச்சிக்குப் பஞ்சமில்லை. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி 1903-இல் தொடங்கியது. அதை உள்ளடக்கி 1989-இல் தனிப் பல்கலைக்கழகமே அமைத்தோம். அந்தப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் புண்ணியமூர்த்தி முன்வைத்த மடிநோய் மருந்து இன்று தொழுவம்வரை வந்திருக்கிறது: சோற்றுக்கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம், அரைத்து மடியில் பூச வேண்டியதுதான். தேசிய பால்வள மேம்பாட்டு வாரியமும் அதைப் பரப்பியது. வேலியோரத்திலும் அடுப்படியிலும் கிடைக்கிற பொருள் என்பதால் அந்த ஆராய்ச்சி கல்லூரிச் சுவரைத் தாண்டியது. ஆனால் மருந்து பூச, முதலில் நோய் இருப்பது தெரிய வேண்டுமே! கண்ணுக்குத் தெரியாத நோயைக் காட்டுகிற தட்டு எங்கள் ஊர் சொசைட்டிக்கு இன்னும் வந்து சேரவில்லை.

எங்கள் மாட்டுக்கு ஊசி போட்டோம். அந்த நாட்களின் பாலையும், மருந்து உடம்பைவிட்டு நீங்கும்வரை கறந்த பாலையும் ஊற்றக்கூடாது என்றார் டாக்டர். சாக்கடையில்தான் கொட்டினோம். நாள் கடந்துவிட்டதால் அந்தக் காம்பு பிழைக்கவில்லை. கருங்கல்பாளையம் சந்தையில் அது "மூணு காம்பு மாடு" ஆனது. அந்தப் பெயர் வந்தபின் விலை என்ன ஆகும் என்று தங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

எஸ்.என்.எப். குறைகிற பாலெல்லாம் நோய்ப் பால் என்று நான் வாதிடவில்லை. தீனி குறைந்தாலும், வெயில் காய்ந்தாலும் குறையும். தண்ணீர் ஊற்றுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பிடிக்கத்தான் வேண்டும். அதற்காகவே கேட்கிறேன்.

முதலாவது, ஒவ்வொரு சொசைட்டிக்கும் இந்தத் தட்டும் கரைசலும் கொடுங்கள். ஒருவருடைய பாலில் எஸ்.என்.எப். தொடர்ந்து இறங்கினால், பணம் பிடிப்பதற்கு முன் அவர் வீட்டு மாடுகளுக்குக் காம்பு காம்பாகச் சோதனை நடக்கட்டும். சந்தேகம் தீராவிட்டால் பால் ஒன்றிய ஆய்வகத்தில் உறைநிலை பார்க்கட்டும்.

இரண்டாவது, நோய் உறுதியான பாலில் இருப்பது எந்தக் கிருமி, அது எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று பார்த்துச் சொல்லும் வசதி வட்டத்துக்கு ஒன்றாவது வேண்டும். குத்துமதிப்பாகப் போடுகிற ஆன்டிபயாடிக் ஊசி மாட்டையும் காப்பாற்றாது, பால் குடிக்கிற பிள்ளைக்கும் நல்லதில்லை. மருந்து கொடுத்த நாட்களில் பாலைக் கொட்டுகிறவருக்குச் சிறு ஈட்டுத்தொகை கிடைத்தால், திருட்டுத்தனமாக ஊற்றும் எண்ணம் யாருக்கும் வராது.

மூன்றாவது, கறந்து முடித்ததும் காம்பை அயோடின் கரைசலில் நனைப்பது, காம்பின் துளை மூட அரைமணி நேரத்துக்கு மேலாகும் என்பதால் அதுவரை மாடு படுக்காதபடி தீனி போட்டு நிற்க வைப்பது போன்ற செலவில்லாத பாடங்களைக் கால்நடை மருத்துவ மாணவர்கள் சொசைட்டி வாசலிலேயே செய்து காட்டட்டும். அம்மா நாற்பது வருஷம் கறந்தவர். இதை யாரும் அவரிடம் சொன்னதில்லை.

பால் நோட்டில் இப்போது மாட்டைப் பற்றி ஒரு கட்டமும் கிடையாது. மாதம் ஒருமுறை செய்யும் மடிச் சோதனைக்கு அதில் ஒரு கட்டம் சேர்க்க உத்தரவிடுங்கள். அம்மா இன்று மாடு வைத்திருக்கவில்லை. ஆனால் அதே வரிசையில் நாளைக் காலையும் இருபது பேர் கேனோடு நிற்பார்கள்.

இப்படிக்கு,
பவானி வட்டாரத்தில் பால் ஊற்றிய ஒருவரின் மகன்