கடை சர்வருக்கு எந்த லினக்ஸ்?

"லினக்ஸில் எது நல்லது?" புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய நண்பர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. வீட்டுக் கம்ப்யூட்டர் என்றால், பிடித்ததைப் போட்டுப் பாருங்கள் என்பேன். பிடிக்காவிட்டால் அழித்துவிட்டு வேறொன்றைப் போடலாம். நாள் முழுதும் ஓட வேண்டிய கடை சர்வருக்கு என்றால் பதில் வேறு. இதை நான் கற்றது இன்ஜினீயரிங் கல்லூரியில் அல்ல, திருச்சி பெரிய கடைவீதியில்!

முதலில் ஒரு சிறு விளக்கம். லினக்ஸ் என்பது ஆபரேட்டிங் சிஸ்டத்தின் மையப்பகுதியான 'கெர்னல்' மட்டுமே. அதனுடன் மற்ற புரோகிராம்களையும் சேர்த்து, இன்ஸ்டால் செய்யத் தயாராகத் தருவதுதான் 'டிஸ்ட்ரிபியூஷன்'. டெபியன், உபுண்டு, ஃபெடோரா எல்லாம் இப்படி வந்தவையே.

ஸ்ரீரங்கத்தில் எங்கள் பக்கத்து வீட்டு மாமாவுக்குப் பெரிய கடைவீதியில் நோட்டுப் புத்தக மொத்த வியாபாரம். நான் வேலையில் சேர்ந்த புதிதில், நான்கு பில்லிங் கம்ப்யூட்டர்களுக்கும் பொதுவாக ஒரு சர்வர் அமைத்துத் தரச் சொன்னார். அன்று வெளிவந்திருந்த புத்தம் புது ஃபெடோராவைப் போட்டேன். புதியதுதான் சிறந்தது என்ற நினைப்பு!

ஃபெடோராவில் குறை இல்லை. புதிய தொழில்நுட்பங்களை உடனுக்குடன் தருவதற்காகவே அது இருக்கிறது. சுமார் ஆறு மாதத்திற்கு ஒரு பதிப்பு வரும். ஒவ்வொன்றுக்கும் ஏறத்தாழ 13 மாதங்களே அப்டேட் கிடைக்கும். இதைப் படிக்காதது என் தவறு.

அப்டேட் நின்றதும் ஒரு ஞாயிறு இரவு அடுத்த பதிப்புக்கு மாற்றினேன். கூடவே போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸும் புதிய பதிப்புக்கு மாறிவிட்டது. பழைய பதிப்பின் தகவல்களை மாற்றிக் கொடுக்கும்வரை அது ஸ்டார்ட் ஆகாது. காலையில் பில் வரவில்லை. பள்ளி திறக்கும் ஜூன் மாதம் வேறு! மாலைவரை பில் புத்தகத்தில் கையால் எழுதினார்கள். பேக்கப் இருந்ததால் கணக்கு தப்பியது. மாமா திட்டவில்லை. "புதுசு வேணும்னு நான் கேட்டேனாப்பா? கடை திறந்தா பில் வரணும், அவ்வளவுதான்" என்றார்.

அன்று முதல் சர்வர் விஷயத்தில் மூன்று கேள்விகளைத்தான் கேட்கிறேன்.

ஒன்று, பாதுகாப்பு அப்டேட் எந்தத் தேதிவரை கிடைக்கும்? டெபியன் ஸ்டேபிளுக்கு நீட்டிப்பையும் சேர்த்து 5 ஆண்டுகள். உபுண்டு எல்.டி.எஸ். பதிப்புக்கும் 5 ஆண்டுகள். அல்மாலினக்ஸ், ராக்கி லினக்ஸ் இரண்டுக்கும் 10 ஆண்டுகள்.

இரண்டு, அந்த வாக்குறுதி யார் கையில் இருக்கிறது? 2019-இல் வந்த சென்ட் ஓ.எஸ். 8 பதிப்புக்கு 2029 வரை அப்டேட் என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். 2020 டிசம்பரில் அந்தத் திட்டம் மாறியது. 2021 டிசம்பர் 31-உடன் அப்டேட் முடிந்தது. அதை நம்பி சர்வர் அமைத்தவர்கள் வேறு இடம் தேட வேண்டியதாயிற்று. அல்மாவும் ராக்கியும் பிறந்தது இந்த நெருக்கடியில்தான்.

மூன்று, பழுதானால் சரிசெய்ய உங்கள் ஊரில் ஆள் இருக்கிறாரா? மிக்ஸி வாங்கும்போதே சர்வீஸ் சென்டர் எங்கே என்று கேட்கிறோமே! ஒரு மணி நேரம் நின்றாலும் பெரும் நஷ்டம் என்கிற நிறுவனம், ரெட் ஹேட், சூசே போன்றவற்றின் கட்டண சப்போர்ட்டை வாங்குவதே புத்திசாலித்தனம். ஓப்பன் சோர்ஸ் என்றால் எல்லாமே இலவசம் என்று அர்த்தமில்லை.

சிறிய கடைகளுக்கு என் ஓட்டு டெபியன் ஸ்டேபிளுக்கே. 1993-இல் தொடங்கிய அதைத் தன்னார்வலர்களே வளர்க்கிறார்கள். தனியொரு நிறுவனத்தின் சொத்து அல்ல. சென்னை சி-டாக் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸுக்கும் அதுவே அடிப்படை. மாமா கடையிலும் இப்போது அதுதான். அப்டேட் முடியும் தேதியை எழுதி சர்வர் மீதே ஒட்டியிருக்கிறேன்.

சர்வர் இல்லாதவர்களும் தேதி பார்க்க வேண்டும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான சப்போர்ட் 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. உங்கள் கம்ப்யூட்டரில் இருப்பது எது? இன்றே பாருங்களேன்.