மனைக்கு வில்லங்கம் பார்க்கலாம், மனிதன் மூச்சுக்கு?

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, தாம்பரத்தில் நம் சங்க ஆபீசுக்கு ஒரு பெரியவர் வந்தார். கையில் ஒரு மஞ்சள் பை. மாடிப்படி ஏறி வந்த இரைப்பு அடங்கவே ஐந்து நிமிஷம் பிடித்தது. திரிசூலம், பல்லாவரம் மலைப் பக்கத்துக் கல்குவாரிகளில் இருபத்திரண்டு வருஷம் வேலை செய்தவர். வெடி வைக்கக் குழி போட்டிருக்கிறார், சம்மட்டி அடித்திருக்கிறார், கடைசியில் கிரஷரில் ஜல்லி அள்ளியிருக்கிறார்.

"தோழர், இதுல எந்தச் சீட்டு ஒதவும்னு நீங்களே பாருங்க" என்று பையை மேஜை மேல் கவிழ்த்தார். ரேஷன் கார்டு இருந்தது. எக்ஸ்ரே படமும் ஆஸ்பத்திரிச் சீட்டுகளும் இருந்தன. அரை கிரவுண்டு மனைக்குப் பத்திரமும், பாங்கில் கடன் கேட்டபோது எடுத்த வில்லங்கச் சான்றும் இருந்தன. குவாரியில் வேலை செய்ததற்கு மட்டும் ஒரு துண்டுக் காகிதம் இல்லை.

பல வருஷம் காச நோய் என்று மாத்திரை சாப்பிட்டிருக்கிறார். பிறகு ஒரு டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, "இது கல் தூசி படிந்த நுரையீரல்" என்று சொல்லியிருக்கிறார். நஷ்ட ஈடு கேட்கலாமா என்று ஒரு சர்க்கார் ஆபீசுக்குப் போனாராம். குவாரி மூடி வெகு காலம் ஆயிற்று, காண்டிராக்டர் உயிரோடு இல்லை, பழைய ரிக்கார்டுகளைக் கழித்தாகிவிட்டது என்று அங்கே பதில் சொல்லியிருக்கிறார்கள்.

வில்லங்கச் சான்றைப் பிரித்துப் படித்தோம். முப்பது வருஷத்துச் சங்கதி அதில் வரிசையாக இருக்கிறது. மனையை யார் யாருக்கு விற்றார், எந்தத் தேதியில் அடமானம் வைத்தார், எப்போது மீட்டார், எல்லாம் நம்பரோடு இருக்கிறது. அரை கிரவுண்டு மண்ணின் சரித்திரத்தை சர்க்கார் இவ்வளவு பத்திரமாக வைத்திருக்கிறது. அந்த மண்ணின் சொந்தக்காரர் இருபத்திரண்டு வருஷம் எந்தத் தூசியைச் சுவாசித்தார் என்று கேட்டால் ரிக்கார்டு இல்லை!

சொத்துக்கு ஒரு நியாயம், உழைப்பவன் உடம்புக்கு ஒரு நியாயம். இதைத்தான் இந்த வாரம் பேச விரும்புகிறோம்.

பல்லாவரத்துக் கல் சாமான்யக் கல் அல்ல. கல்கத்தாவில் 1690களில் செத்துப்போன ஜாப் சார்னாக் என்ற கம்பெனி துரையின் சமாதியில் இருப்பது இந்த ஜாதிக் கல்தான். அதனால் 1893ல் ஹாலண்ட் என்ற வெள்ளைக்கார நிபுணர் இதற்கு 'சார்னோக்கைட்' என்று பெயர் வைத்தார். துரையின் சமாதிக் கல்லுக்கு முந்நூறு வருஷத்து ஜாதகம் இருக்கிறது. அதே கல்லை உடைத்தவனுக்கு இல்லை.

இந்தக் கல்லில் படிகக் கல், அதாவது சிலிகா இருக்கிறது. உடைக்கும்போதும் அரைக்கும்போதும் கிளம்புகிற பொடியில் மிக நுண்ணியது கண்ணுக்கே தெரியாது. அதுதான் நுரையீரலின் அடிவரை போய்த் தங்கி, மெத்தென்ற சதையைத் தழும்பாக்குகிறது. இதற்கு சிலிகோசிஸ் என்று பெயர். இன்று சுவாசித்தால் நாளைக்கே இருமல் வராது. பத்து வருஷம், இருபது வருஷம் கழித்து, வேலையை விட்டு வீட்டில் உட்கார்ந்த பிறகுகூட வரும். போன தழும்பு திரும்பாது, வைத்தியம் இல்லை. இந்த நுரையீரலில் காச நோயும் சுலபமாகப் பற்றிக்கொள்ளும். ஆகவே இரண்டையும் ஒன்றாக நினைத்து, கல் தூசியை மறந்துவிடுவது நாடெங்கும் நடக்கிற விஷயம். இத்தனைக்கும் நம் தாம்பரத்திலேயே 1928ல் டாக்டர் சவுரிமுத்து ஆரம்பித்து 1937ல் சர்க்கார் எடுத்துக்கொண்ட நெஞ்சு நோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. குவாரிக்கும் ஆஸ்பத்திரிக்கும் நடுவே சில மைல் தூரம்தான். ஆனால் "இவன் என்ன வேலை செய்தான்" என்று சொல்லும் காகிதம் அந்தச் சில மைலைக் கடக்கவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. கல்குவாரி, சுரங்கச் சட்டத்துக்குக் கட்டுப்பட்டது. அந்தச் சட்டத்தில் சிலிகோசிஸ் சர்க்காருக்கு அறிவிக்க வேண்டிய நோய். ஐந்தாண்டுக்கு ஒருமுறை டாக்டர் பரிசோதனை என்று 1955ஆம் வருஷத்து விதிகள் கூறின. நாம் விசாரித்த பழைய கல்லுடைக்கும் தோழர்களில் அந்த டாக்டரைக் கண்ணால் கண்டவர் எவருமில்லை. குவாரிகள் மூடி, குழிகளில் தண்ணீர் நின்றுவிட்டது. 2017 வறட்சியில் குன்றத்தூர்ப் பக்கம் சிக்கராயபுரம் குவாரிக் குழிகளின் தண்ணீரைச் சுத்தம் செய்து பட்டணத்துக்குக் கொடுத்தார்கள். குழியில் எவ்வளவு தண்ணீர் என்று அளந்து எழுத ஆள் இருந்தது. குழி தோண்டியவர்கள் எத்தனை பேர் என்ற கணக்கு எங்கே இருக்கிறது?

அப்படியானால் எத்தனை வருஷம் வைத்திருக்க வேண்டும்? இதற்கு நாம் புதிதாக மூளையைக் கசக்க வேண்டாம். 1995 ஜனவரி 27ல் சுப்ரீம் கோர்ட்டு, ஆஸ்பெஸ்டாஸ் தொழிலாளர் வழக்கில் சொல்லிவிட்டது. நம் வீட்டுக் கூரைகளில் கிடக்கிறதே, அந்த ஷீட்டைச் செய்கிற தொழில்தான். ஒவ்வொரு தொழிலாளியின் ஆரோக்கிய ரிக்கார்டையும், வேலையில் சேர்ந்த நாளிலிருந்து 40 வருஷம், அல்லது வேலையை விட்டு 15 வருஷம், இதில் எது பிந்தியதோ அதுவரை வைத்திருக்க வேண்டும் என்பது தீர்ப்பு. நோய் கண்டவர்களுக்குத் தலா ஒரு லட்சம் ரூபாய் நஷ்ட ஈடும் விதித்தது. முதலாளித்துவத்தின் தலைமைப் பீடமான அமெரிக்காவிலேயே 1980 முதல், விஷப் பொருளோடு வேலை செய்கிறவனின் வைத்திய ரிக்கார்டை அவன் வேலையை விட்ட பிறகும் 30 வருஷம் வைத்திருக்க விதி உண்டு. பிரிட்டனில் 40 வருஷம்.

இந்த வருஷக் கணக்கெல்லாம் எங்கிருந்து வந்தது? நோயின் நடையிலிருந்து வந்தது. நோய் முப்பது வருஷம் நடந்து வருகிறது என்றால், காகிதமும் முப்பது வருஷத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். இதில் பேரம் பேச ஒன்றுமில்லை.

ஆனால் அந்த 40 வருஷம் ஆஸ்பெஸ்டாஸுக்கு மட்டும் என்று நின்றுவிட்டது. கல் தூசிக்கும், தோல் ஷாப்புகளின் குரோமியத்துக்கும், பெயிண்டுக்கும், ஈயத்துக்கும் அதே நியாயம் பொருந்தாதா? குரோம்பேட்டைக்குப் பெயர் எப்படி வந்தது என்று பலருக்கு மறந்துவிட்டது. குரோம் தோல் பதனிட்ட கம்பெனியால் வந்த பெயர் அது. குரோம் புண், பாக்டரிச் சட்டத்திலேயே பட்டியல் போட்டுச் சொன்ன தொழில் நோய். ஊர் தன் பெயரில் வைத்துக்கொண்ட ரிக்கார்டைக்கூட ஆபீஸ் வைத்துக்கொள்ளவில்லை என்று சொல்லும் நிலை வரக்கூடாது.

இன்னொரு முக்கிய விஷயம். ரிக்கார்டை வைத்திருக்க வேண்டியது யார்? முதலாளி வைத்திருக்கட்டும் என்று விட்டால் போதாது. போபாலுக்குப் பிறகு 1987ல் பாக்டரிச் சட்டத்தில் ஒரு பிரிவு சேர்த்தார்கள். ஆபத்தான பொருளோடு வேலை செய்கிறவர்களின் ஆரோக்கிய ரிக்கார்டைப் பாக்டரி நிர்வாகம் வைத்திருக்க வேண்டும், தொழிலாளி பார்க்கலாம் என்றது அது. எத்தனை வருஷம் என்று அந்தப் பிரிவு சொல்லவில்லை. பாக்டரியே போய்விட்டால் என்ன செய்வது என்றும் சொல்லவில்லை.

பாக்டரி போகத்தான் போகிறது. பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்ட் மோட்டார் இருந்த இடத்தில் இன்று கம்ப்யூட்டர் கம்பெனிகளின் கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கின்றன. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா 2006ல் உற்பத்தி ஆரம்பித்து 2014 நவம்பரில் மூடியது. அந்தப் பாக்டரிகளில் நோய் வந்தது என்று நாம் சொல்லவில்லை, ஆயுளைத்தான் சொல்கிறோம். எட்டு வருஷம் வாழ்ந்த பாக்டரி, முப்பது வருஷம் கழித்து வரும் நோய்க்கு எங்கிருந்து சாட்சி சொல்லும்? மூடுகிற அன்று மெஷினை ஏலம் போடுகிறார்கள், நிலத்தை விற்கிறார்கள், ரிஜிஸ்தர்கள் காயலான் கடைக்குப் போகின்றன. ஆகவே, கம்பெனி மூடும் நாளில் நெருப்பு, தூசி, விஷம் சம்பந்தமான சகல ரிக்கார்டுகளும் சர்க்காரின் தொழிலகப் பாதுகாப்பு இயக்ககத்தில் ஒப்படைக்கப்பட வேண்டும். ஒப்படைத்த ரசீது இல்லாமல் நிலத்தை விற்கப் பத்திரம் பதியக்கூடாது. இப்படி ஒரு விதி போட்டால் முதலாளிகளுக்கு ஞாபக சக்தி தானாக வந்துவிடும்!

கொடைக்கானல் தர்மாமீட்டர் பாக்டரியை நினைத்துப் பாருங்கள். 1980களில் அமெரிக்காவிலிருந்து மூட்டை கட்டி வந்த பாதரசத் தொழில் அது. 2001 மார்ச்சில் மூடியது. முன்னாள் தொழிலாளர் 591 பேருக்கு ஹிந்துஸ்தான் யூனிலீவர் கம்பெனியோடு உடன்பாடு ஏற்பட்டது 2016 மார்ச்சில். நடுவே 15 வருஷம்! சிறுநீரகம் கெட்டது, நரம்பு தளர்ந்தது என்று தொழிலாளர் சொல்ல, பாதரசத்தால் எவருக்கும் தீங்கில்லை என்று கம்பெனி மறுக்க, கமிட்டி மேல் கமிட்டி வந்தது. ஒவ்வொருவர் உடம்பிலும் எந்த வருஷம் எவ்வளவு பாதரசம் இருந்தது என்ற கணக்கு ஆரம்ப நாளிலிருந்தே சர்க்கார் கையில் இருந்திருந்தால் இத்தனை வருஷம் வாதம் செய்ய வேண்டியிருக்குமா?

குஜராத்தில் கோத்ராவுக்குப் போய்ப் படிகக் கல் அரைத்த மத்தியப் பிரதேச ஆதிவாசிகளின் கதை இதைவிடக் கொடியது. 238 பேர் செத்தார்கள். குடும்பத்துக்கு 3 லட்சம் கொடு என்று 2016ல்தான் சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. சில மாசம் வேலைக்குப் போய் வந்த கூலிக்கு எந்த ரிஜிஸ்தரில் பெயர் இருக்கும்? இன்று பம்மலிலும் அனகாபுத்தூரிலும் வேலை செய்கிற பீகார், ஒடிசா தோழர்களுக்கும் இதே கதிதான். மவுலிவாக்கத்தில் 2014 ஜூன் 28ந் தேதி பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தபோது, உள்ளே எத்தனை பேர் இருந்தார்கள் என்று முதல் நாளில் எவராலும் திட்டமாகச் சொல்ல முடியவில்லை.

புதிய சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் அமுலுக்கு வந்திருக்கிறது. பாக்டரிச் சட்டமும் சுரங்கச் சட்டமும் அதற்குள் போய்விட்டன. மின்சாரம் உள்ள இடத்தில் பத்துப் பேர் இருந்தால் பாக்டரி என்று இருந்ததை இருபது பேர் ஆக்கிவிட்டார்கள். பதினைந்து பேர் வேலை செய்கிற பட்டறை நேற்று பாக்டரி, இன்று பாக்டரி இல்லை! நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு வருஷா வருஷம் இலவச வைத்தியப் பரிசோதனை என்று சர்க்கார் விளம்பரம் செய்கிறது. நல்லது, வரவேற்கிறோம். ஆனால் பரிசோதனைச் சீட்டு யாரிடம் இருக்கும், எத்தனை வருஷம் இருக்கும், தொழிலாளி கையில் நகல் கிடைக்குமா? இதைச் சொல்லாத பரிசோதனை, போட்டோ பிடித்துப் பத்திரிகையில் போடத்தான் உதவும்.

"இவ்வளவு காகிதத்தை வைக்க இடம் ஏது?" என்று உத்தியோகஸ்தர்கள் கேட்பார்கள். மத்திய சர்க்காரின் 1993ஆம் வருஷத்து ஆவணச் சட்டம், 1892க்கு முந்திய காகிதம் உபயோகப்படும் நிலையில் இருக்கும் வரை அழிக்கக்கூடாது என்கிறது. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கும்பினிக் காலத்துக் கட்டுகள் அடுக்கடுக்காக இருக்கின்றன. இருக்கட்டும், சரித்திரம் வேண்டியதுதான். வெள்ளைக்காரன் எழுதிய கடிதத்துக்கு இடம் இருக்கும்போது, ரத்தப் பரிசோதனைச் சீட்டுக்கு இடமில்லையா? ஒரு ஜில்லாவின் மொத்த ரிக்கார்டையும் கைக்குள் அடங்கும் பெட்டியில் பதிந்து வைக்கும் காலம் இது. இடமில்லை என்பது வெறும் சாக்குப்போக்கு.

இன்னொரு ஆட்சேபம் நம் தோழர்களிடமிருந்தே வருகிறது. அதை அலட்சியம் செய்ய முடியாது. "என் நோய் ரிக்கார்டில் ஏறினால் எவன் வேலை கொடுப்பான்?" என்று ஒரு வெல்டர் தோழர் கேட்டார். நியாயமான பயம். அதனால்தான் இரண்டு வகை ரிக்கார்டையும் பிரிக்கச் சொல்கிறோம். வேலை ஸ்தலத்தில் எவ்வளவு தூசி, என்ன விஷம், இன்ஸ்பெக்டர் என்ன எழுதினார், எத்தனை விபத்து என்பது ஊரறியத் திறந்திருக்க வேண்டும். அதில் மறைக்க என்ன இருக்கிறது? மனிதனின் எக்ஸ்ரேயும் ரத்தமும் அவனுக்கும் அவன் டாக்டருக்கும் மட்டும். அவன் கையெழுத்தில்லாமல் முதலாளி தொடக்கூடாது.

விவசாயத் தொழிலாளித் தோழர்கள், இது ஆலைக்காரர் விஷயம் என்று ஒதுங்க வேண்டாம். காசர்கோட்டில் முந்திரித் தோட்டங்கள் மேல் 1970களின் கடைசியிலிருந்து 2000 வரை ஆகாய விமானத்தில் எண்டோசல்பான் தெளித்தார்கள். பாதிக்கப்பட்டவர்களுக்குத் தலா 5 லட்சம் கொடுக்கச் சொல்லி சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது 2017ல். அங்கே தெளித்தது சர்க்கார் கார்ப்பரேஷன். ஆகவே எப்போது தெளித்தது என்பதற்காவது தடயம் இருந்தது. படப்பையிலும் மணிமங்கலத்திலும் மிராசுதார் வயலில் முதுகில் டப்பாவைக் கட்டிக்கொண்டு மருந்தடிக்கிற கூலியாளுக்கு எந்த ரிஜிஸ்தர் இருக்கிறது? மருந்துக் கடையில் பில் உண்டு, அதில் மிராசுதார் பெயர் இருக்கும். மூச்சடைத்து ஆஸ்பத்திரிக்குப் போனால் "மருந்து குடித்தான்" என்று எழுதிவிடுவார்கள்! மருந்தடித்து மயங்கியவர்களின் பெயரைத் தனி ரிஜிஸ்தரில் எழுதி நாற்பது வருஷம் வைக்கும்படி ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு உத்தரவு போட எத்தனை நாள் ஆகும்?

பெரியவர் விஷயத்துக்கு வருவோம். அவரோடு வேலை செய்தவர்களில் நாலு பேரைத் தேடிப் பிடித்தோம். இரண்டு பேர் சாட்சி எழுதிக் கொடுத்தார்கள். ஒருவருக்குப் பேசவே மூச்சு போதவில்லை, கைநாட்டு வைத்தார். இன்னொருவர் வீட்டில் போன வருஷமே கருமாதி ஆகிவிட்டது. சாட்சிக் காகிதங்களோடு கலெக்டருக்கு மனு தயாராகிறது.

எக்ஸ்ரே, ஆஸ்பத்திரிச் சீட்டு, கூலிச் சீட்டு, பழைய அடையாள அட்டை, எது இருந்தாலும் எறிந்துவிடாதீர்கள். ஆபீசுக்குக் கொண்டுவந்தால் நகல் எடுத்து, பெயர், வேலை, வருஷம் எழுதி பீரோவில் வைக்கிறோம். அசலை உடனே கையில் கொடுத்துவிடுவோம். ஞாயிறு காலை ஒன்பது மணி முதல் ஒரு மணி வரை ஆள் இருப்பார்கள். மாடி ஏற முடியாதவர்கள் கீழே டீக்கடையில் சொல்லி அனுப்பினால் நாம் இறங்கி வருகிறோம்.