ஒரே நிறத்தில் ஒரு டை

சிங்கப்பூரில் தமிழர் திருமணம் பெரும்பாலும் இருவேளை விழாவாக நடைபெறுகிறது. காலையில் கோயிலில் தாலி கட்டும் சடங்கு. மாலையில் ஹோட்டலிலோ மண்டபத்திலோ விருந்து. காலையில் வேட்டி சட்டையுடன் நின்ற இளையர்கள் பலர், மாலையில் கோட்டு சூட்டுக்கு மாறிவிடுகிறார்கள். மணமக்களின் தம்பிகளும் உறவுக்காரப் பிள்ளைகளும் ஒரே நிறச் சூட்டில் வரிசையாக நடந்து வருவதைப் பல குடும்பங்கள் விரும்புகின்றன.

பார்ப்பதற்கு அது அழகுதான். ‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்பது பழமொழி. விழாவிற்கு ஏற்ப நேர்த்தியாக உடுத்திச் செல்வது, அழைத்தவர்களுக்குத் தரும் மரியாதையும் ஆகும். ஆயினும், அந்த அழகிற்கு யார் என்ன விலை கொடுக்கிறார் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக, ஒரு குடும்பத்தின் மூத்த பெண்ணுக்குத் திருமணம். தம்பிமார் எட்டுப் பேரும் கருநீலச் சூட்டு தைத்துக்கொள்வது என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் முடிவாகிறது. ஏழு பேர் உடனே சம்மதிக்கிறார்கள். சித்தப்பா மகன் மட்டும், “எனக்குத் தேர்வு இருக்கிறது, விருந்துக்கு வர முடியாது” என்று எழுதுகிறான். உண்மையில் அவனுக்குத் தேர்வு முடிந்து ஒரு வாரம் ஆகிவிட்டது. சூட்டுக்குப் பணம் கேட்டு அப்பாவைச் சங்கடப்படுத்த அவனுக்கு மனம் வரவில்லை. இத்தகைய நிலை எந்தக் குடும்பத்திலும் ஏற்படலாம்.

மேலும், பதின்ம வயதினர் வேகமாக வளர்பவர்கள். இன்று அளவெடுத்துத் தைத்த கோட்டின் கை, அடுத்த ஆண்டே மணிக்கட்டுக்கு மேலே ஏறிவிடலாம். எனவே, அண்ணனின் கோட்டைத் திருத்திப் போட்டுக்கொள்வதோ வாடகைக்கு எடுப்பதோ குறைவான செயல் அன்று. தோள்பட்டை சரியாகப் பொருந்துகிறதா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கையின் நீளத்தையும் காற்சட்டையின் இடுப்பையும் தேக்காவில் உள்ள தையற்காரர் எளிதில் திருத்திவிடுவார். தோளைத் திருத்துவதுதான் கடினம். துணியையும் கவனிக்க வேண்டும். பூமத்திய ரேகைக்கு அருகில் உள்ள இந்நாட்டின் புழுக்கத்தில், தடித்த பாலியெஸ்டர் கோட்டு உடல் வெப்பத்தையும் வியர்வையையும் வெளியேற விடாது. மெல்லிய துணியே ஏற்றது.

“ஒரே மாதிரி உடுத்தாவிட்டால் படத்தில் நன்றாக இருக்காதே!” என்று சிலர் கேட்கலாம். அதற்கும் எளிய வழி உண்டு. சூட்டை அவரவர் வசதிக்கு விட்டுவிட்டு, டையை மட்டும் ஒரே நிறத்தில் வாங்கலாம். கோட்டு இல்லாதவர் முழுக்கை வெள்ளைச் சட்டையில் அந்த டையைக் கட்டிக்கொள்ளலாம். வேட்டியிலேயே வர விரும்பும் மாமாவின் சட்டைப்பையில் அதே நிறக் கைக்குட்டையை வைக்கலாம்.

டையின் வரலாறும் இதற்குப் பொருந்தி வருகிறது. 17ஆம் நூற்றாண்டில் பிரான்சுக்காகப் போரிட்ட குரோவேஷிய வீரர்கள் கழுத்தில் துணி கட்டியிருந்தார்கள். அதைக் கண்டு பிரெஞ்சுக்காரர்களும் கட்டத் தொடங்கினர். டையைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லான ‘கிராவாட்’, குரோவேஷியரின் பெயரிலிருந்தே வந்தது. ஒரு கூட்டத்தாரின் கழுத்துத் துணியே இன்றைய டைக்கு முன்னோடி. அதை ஒரு குடும்பத்தின் அடையாளமாக்குவது பொருத்தம்தானே?

குடும்ப விழாவிற்கு உடை தேர்ந்தெடுக்கும்போது, “எது அழகாக இருக்கும்?” என்பதோடு, “எல்லாராலும் இயலுமா?” என்றும் கேட்க வேண்டும். இருபது ஆண்டுகள் கழித்துத் திருமணப் படங்களைப் புரட்டும்போது, சூட்டு என்ன விலை என்று எவரும் கேட்கப் போவதில்லை. “தம்பி ஏன் இந்தப் படத்தில் இல்லை?” என்றுதான் கேட்பார்கள்.