மூக்குப் போனாலும் சகுனப்பிழை

2007 செப்டம்பர் 1, சனிக்கிழமை. கொலம்பஸ் நகரத்தில் ஒஹையோ ஸ்டேட் பல்கலைக்கழக ஃபுட்பால் டீம், யங்ஸ்டவுன் ஸ்டேட் என்ற சின்ன டீமை 38-6 என்று ஊதித் தள்ளியது. அந்த ஸ்கோரை இன்று அங்கே யாரும் ஞாபகம் வைத்திருக்கப் போவதில்லை. ஆனால் அதே நாள் பக்கத்து மாநிலத்தில் நடந்த இன்னொரு ஆட்டத்தின் ஸ்கோரைக் கேளுங்கள். ஒஹையோ ஸ்டேட் ரசிகர் தூக்கத்தில் எழுப்பினாலும் சொல்வார்: ஆப்பலாச்சியன் ஸ்டேட் 34, மிச்சிகன் 32. (பெயரிலேயே ஆப்பு இருக்கிறது, கவனித்தீர்களா?)

இது நம்மூர் கால்பந்து இல்லை, அமெரிக்கன் ஃபுட்பால். காலுக்கு அதில் வேலை ரொம்பக் கம்மி. அதிலும் இது காலேஜ் பையன்கள் ஆடுவது. மிச்சிகன் அன்றைக்கு நாட்டிலேயே ஐந்தாவது இடத்தில் இருந்த டீம். சொந்த மைதானம், 1,09,000-க்கும் மேல் கூட்டம். எதிரே வந்தது நார்த் கரோலினா மலையூரான பூனிலிருந்து ஓர் இரண்டாம் தட்டு டீம். இரண்டாம் தட்டில் 2005, 2006 இரண்டு வருடமும் அவர்கள்தான் சாம்பியன் என்றாலும், தரவரிசையில் இருந்த எந்த முதல் தட்டு டீமும் அதுவரை கீழ்த்தட்டு டீமிடம் தோற்றதில்லை. 26 விநாடி பாக்கி இருக்கும்போது ஆப்பலாச்சியன் முந்தியது. கடைசியாக மிச்சிகன் உதைத்த 37 கெஜம் ஃபீல்ட் கோலை ஒருவர் பாய்ந்து தடுத்தார். அவ்வளவுதான், கதை முடிந்தது.

ஒஹையோக்காரருக்கு இதில் என்ன இவ்வளவு சந்தோஷம்? அவர் டீம் ஜெயித்த ஆட்டம் கூட இல்லையே!

இது பங்காளிச் சண்டை. 1835-ல் டொலீடோ பட்டணம் யாருக்கு என்று இரண்டு தரப்பும் ஆட்களைத் திரட்டிக்கொண்டு எல்லையில் போய் நின்றார்கள். நம்மூர் வரப்புத் தகராறு மாதிரிதான், அளவுதான் கொஞ்சம் பெரிசு. கடைசியில் டொலீடோ ஒஹையோவுக்குப் போனது. 1897-ல் முதல் ஃபுட்பால் ஆட்டம், மிச்சிகன் 34-0. ஒஹையோ ஸ்டேட்டின் பழைய கோச் வூடி ஹேய்ஸ் எதிரியின் பெயரையே சொல்ல மாட்டார், 'வடக்கே இருக்கிற அந்த டீம்' என்பார். பிற்காலத்தில் மிச்சிகன் ஆட்டம் வரும் வாரத்தில் கல்லூரி வளாகப் பலகைகளில் இருக்கும் 'எம்' எழுத்தின் மேலெல்லாம் சிவப்பு டேப் ஒட்டுவது வழக்கமாகிவிட்டது. இப்படி வளர்ந்தவர் 34-32 என்று கேட்டதும் துள்ளாமல் என்ன செய்வார்?

துள்ளட்டும், தப்பில்லை. ஆனால் கணக்கைப் பார்த்தால் அது மூக்குப் போனாலும் எதிரிக்குச் சகுனப்பிழை ஆனால் போதும் என்கிற கதை. அந்தக் காலத்தில் இரண்டே டீம்தான் தேசிய சாம்பியன் ஆட்டத்துக்குப் போகும். அதை வாக்கெடுப்பும் கம்ப்யூட்டர் கணக்கும் சேர்ந்து முடிவு செய்யும். யாரை ஜெயித்தாய், அவன் எவ்வளவு பெரிய ஆள் என்பதற்கெல்லாம் மார்க் உண்டு. அப்படி இருக்க, செப்டம்பரில் மிச்சிகன் அசிங்கப்பட்டால் நவம்பரில் மிச்சிகனை ஜெயிப்பதன் விலை என்ன ஆகும்? அந்த நவம்பரில் ஒஹையோ ஸ்டேட் 14-3 என்று ஜெயிக்கத்தான் செய்தது. "ஆப்பலாச்சியனே ஜெயித்த டீம்தானே" என்று சொல்ல எல்லோருக்கும் வாய் கிடைத்தது. ஒஹையோ ஸ்டேட் எப்படியோ இறுதி ஆட்டம் வரை போய், 2008 ஜனவரியில் எல்எஸ்யு-விடம் 38-24 என்று தோற்றபோது, அந்த வட்டாரமே சோப்ளாங்கி என்ற பேச்சு இன்னும் பலமானது. நான்கு மாதம் முன்னால் கைதட்டிச் சிரித்த ஆட்டமும் அந்தப் பேச்சுக்கு ஒரு சாட்சி.

மிச்சிகன்காரர் நிலைமை இதற்கு முந்தைய சீசனில் இன்னும் மோசம். 2006 நவம்பர் 18, முதலிடமும் இரண்டாமிடமும் மோதின. முந்தின நாள்தான் மிச்சிகனின் பழைய கோச் போ ஷெம்பெக்லர் இறந்திருந்தார். மறுநாள் ஒஹையோ ஸ்டேட் 42-39. மூன்றே பாயிண்ட்! இறுதியில் இன்னொரு முறை மோத விடுவார்கள் என்று மிச்சிகன் ரசிகர்கள் காத்திருந்தார்கள், அந்த இடம் ஃப்ளோரிடாவுக்குப் போய்விட்டது. 2007 ஜனவரி 8 அன்று அந்த ஃப்ளோரிடா ஒஹையோ ஸ்டேட்டை 41-14 என்று நொறுக்கியது.

இப்போது மிச்சிகன்காரர் சிரிப்பதா, அழுவதா? தங்கள் நாற்காலியைப் பறித்தவன், தங்களை அடித்தவனை அடிக்கிறான். முதல் கால்மணி நேரம் ஆனந்தமாகத்தான் இருந்திருக்கும். அப்புறம் மெதுவாக ஒன்று உறைக்கும். இப்படி அடி வாங்குகிறவனிடமா நாம் தோற்றோம்? எதிரி ஒழிய ஒழிய, அவனிடம் மயிரிழையில் தோற்றோம் என்ற ஒரே ஆறுதலும் சேர்ந்து ஒழிகிறது.

எதிரி தோற்கையில் வரும் சந்தோஷம் கள்ளத்தனமானது என்று சிலர் உபதேசம் செய்வார்கள். அது பொய்யில்லாத சந்தோஷம். உழைக்காமல் வந்தது, அவ்வளவுதான். டீம் மேல், அந்த நீலமும் மஞ்சளுமான சட்டை மேல் சிரிப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை. ஆனால் அந்த ஃபீல்ட் கோலை உதைத்த பையன் ஒரு மாணவன். 2007-ல் ஆட்டத்துக்காகச் சம்பளம் வாங்க விதி விடாது, ஸ்காலர்ஷிப்போடு சரி. (2021-லிருந்து விளம்பரத்தில் சம்பாதிக்கலாம், 2025-லிருந்து பல்கலைக்கழகமே பங்கு கொடுக்கலாம்.) அவன் வகுப்புக்குப் போக வேண்டும். அவன் பெயரைப் பிடித்து இழுத்துத் திட்டுவது வேறு ஜாதி. அதற்குப் பங்காளிச் சண்டை என்று பெயர் வைக்கக் கூடாது.

2024 நவம்பர் 30. தரவரிசையிலேயே இல்லாத மிச்சிகன், கொலம்பஸுக்கே போய் இரண்டாமிடத்து ஒஹையோ ஸ்டேட்டை 13-10 என்று ஜெயித்தது. ஆட்டம் முடிந்து கொடியை நட்டு அடிதடி, போலீஸ் மிளகு ஸ்ப்ரே அடிக்கும் வரை போனது. அந்த வருடம்தான் கடைசிச் சுற்றில் பன்னிரண்டு டீமுக்கு இடம் கொடுத்திருந்தார்கள். அதனால் தோற்ற ஒஹையோ ஸ்டேட்டும் உள்ளே போய், 2025 ஜனவரி 20 அன்று நோட்டர் டேமை 34-23 என்று ஜெயித்து தேசிய சாம்பியன் ஆகிவிட்டது. அன்றைய இரவு மிச்சிகன்காரருக்கு வயிற்றெரிச்சல்தான். ஆனால் விடிந்ததும் பெருமையாகச் சொல்லிக்கொள்ள அவரிடம் ஒன்று இருந்தது. சாம்பியனை அவன் வீட்டிலேயே போய் அடித்தது யார் என்று!