இரு பெண்ணையாறுகள்

நந்தி மலைத்தொடரில் இரு பெண்ணையாறுகள் பிறக்கின்றன. தென்பெண்ணை நம் மாவட்டத்துச் சாத்தனூர் அணையை நிரப்புகிறது. வடபெண்ணையோ ஆந்திரத்தின் கடப்பை மாவட்டத்தில் எர்ரமலைக் குன்றுகளை அறுத்து, ஏறத்தாழ 300 அடி ஆழமுள்ள பள்ளத்தாக்கை அமைத்துள்ளது. அதன் விளிம்பில் நிற்பதே கண்டிக்கோட்டை. ‘கண்டி’ என்றால் தெலுங்கில் மலையிடுக்கு.

கீழ்பென்னாத்தூரிலிருந்து பிள்ளைகளோடு செல்ல விரும்புவோர் கடுங்கோடையைத் தவிர்த்து, மார்கழி, தை மாதங்களில் செல்வது நலம். ஒரே மதிலுக்குள் மாதவராயர் கோவிலும் ஜாமியா மசூதியும் நிற்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். பின்னர்ச் செம்பாறைகள்மீது நடக்கையில் அவர்கள் கையை விடாதீர்கள். விளிம்பின் பெரும்பகுதியில் தடுப்புச் சுவர் இல்லை. படம் எடுப்பதற்காகப் பின்னோக்கி நகராதீர்கள். அம்மலையை அறுக்க ஆற்றுக்கு எண்ணற்ற ஆண்டுகள் தேவைப்பட்டன. கால் இடறவோ ஒரு நொடி போதும்.