ஜெனீவா கொழும்புக்கு மட்டும்தானா?

முள்ளிவாய்க்காலுக்குச் சர்வதேச விசாரணை வேண்டும், இந்தியாவுக்கு ஐ.நா.வின் சித்திரவதை எதிர்ப்பு உடன்படிக்கை வேண்டாம். திருவனந்தபுரம் பழவங்காடிக் கூட்டத்தில் நண்பர் இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னார், கைதட்டலும் வாங்கினார். இலங்கை நீதி ஆட்சியாளர் கையில் இருக்கிறது, நம் நீதிமன்றம் சுதந்திரமானது, வெளிநாட்டுக்காரன் வந்து நம் காவல் நிலையத்தை எட்டிப் பார்ப்பானேன் என்பது அவர் வாதம்.

இலங்கை பற்றி அவர் சொன்னதில் எனக்குச் சண்டை இல்லை. மிருசுவிலில் 2000-இல் குழந்தைகள் உட்பட எட்டுத் தமிழர்களைக் கொன்றதற்காக மரண தண்டனை பெற்ற ராணுவத்தினர் சுனில் ரத்னாயக்கவை, 2020 மார்ச்சில் அன்றைய ஜனாதிபதி கோத்தபய ராஜபக்ச மன்னித்து வீட்டுக்கு அனுப்பினார். உச்ச நீதிமன்றமே உறுதி செய்த தண்டனை அது.

சரி, நம் கதைக்கு வருவோம். பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு நடந்தே போகிற தூரத்தில்தான் கோட்டை காவல் நிலையம் இருக்கிறது. 2005 செப்டம்பர் 27 அன்று ஸ்ரீகண்டேஸ்வரம் பூங்காவில் இருந்த உதயகுமாரை அங்கேதான் பிடித்துக்கொண்டு போனார்கள். அவரிடம் 4,020 ரூபாய் இருந்தது. அது எங்கிருந்து வந்தது என்பதுதான் கேள்வி. தொடைமேல் இரும்புக் குழாயை உருட்டினார்கள் என்பது வழக்கு. ஊரில் இன்றைக்கும் ‘உருட்டிக்கொலை வழக்கு’ என்றால்தான் தெரியும். அன்றிரவே ஆள் இறந்துபோனார். விசாரணையில் சாட்சிகள் பிறழ்ந்தார்கள். தாய் பிரபாவதி அம்மா விடாமல் கோர்ட் படியேற, வழக்கு சிபிஐ கைக்குப் போனது. 2018-இல் இரண்டு போலீஸ்காரர்களுக்கு மரண தண்டனை விதித்தார்கள். 2025 ஆகஸ்டில் கேரள உயர் நீதிமன்றம், சிபிஐ விசாரணையின் குறைகளைச் சொல்லி, எல்லோரையும் விடுதலை செய்துவிட்டது.

தீர்ப்பை நான் பழிக்கவில்லை. ஆதாரம் நிற்கவில்லை என்றால் விடுவிக்கத்தான் வேண்டும். ஆனால், உயிரோடு நிலையத்துக்குள் போனவர் செத்ததற்கு இருபது வருடம் கழித்தும் சட்டப்படி ஒரு பொறுப்பாளி இல்லை. நண்பர் மெச்சிய சுதந்திர நீதிமன்றம் அத்தனை காலமும் திறந்துதான் இருந்தது.

வாக்குமூலத்துக்காக அடித்தால் தண்டனை என்று குற்றவியல் சட்டமே சொல்கிறதே, போதாதா என்கிறார். அடித்ததை யார் பார்த்தது ஐயா? நிலையத்துக்குள் இருந்தவர்கள் போலீஸ்காரர்களும் அவர்கள் பிடித்து வந்தவர்களும் மட்டுமே. அதனால்தான், காவலில் ஒருவருக்குக் காயம் ஏற்பட்டால் அது போலீஸ் ஏற்படுத்தியதே என நீதிமன்றம் அனுமானிக்கலாம் என்று சாட்சியச் சட்டத்தைத் திருத்தும்படி சட்ட ஆணையம் 1985-இல் சொன்னது. 2017-இல் 273-ஆவது அறிக்கையில் மறுபடியும் சொன்னது. திருத்தவில்லை. புதிய சாட்சியச் சட்டம் எழுதியபோதும் சேர்க்கவில்லை.

சித்திரவதை எதிர்ப்பு உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திட்டது 1997 அக்டோபரில். ஏற்புறுதி இன்றுவரை இல்லை. அதற்கான மசோதா 2010-இல் மக்களவையைத் தாண்டி, மாநிலங்களவையில் படுத்து, காலாவதியானது. நண்பர் வாய் ஓயாமல் ஏசுகிற கொழும்போ 1994-லேயே அதில் சேர்ந்து தனிச் சட்டமும் போட்டுவிட்டது.

சேர்ந்து என்ன கிழித்தது என்று கேட்பார். சித்திரவதை நிற்கவில்லை, உண்மை. ஆனால் 2016 நவம்பரில், போர்க்காலத்தில் பயங்கரவாதப் புலனாய்வுப் பிரிவை மேற்பார்த்த சிசிர மெண்டிஸ் ஜெனீவாவில் அந்த உடன்படிக்கையைக் கண்காணிக்கும் ஐ.நா. குழுவின் முன் அரசுத் தூதுக்குழுவில் வந்து உட்கார வேண்டியிருந்தது. அவர் பிரிவைப் பற்றி முகத்துக்கு நேரே கேள்வி கேட்டார்கள். அவர் வாய் திறக்கவில்லை, திறக்காததும் பதிவாயிற்று. உதயகுமாருக்காகவோ, 2025 ஜூனில் மடப்புரத்தில் போலீஸ் பிடியில் இறந்த கோயில் காவலாளி அஜித்குமாருக்காகவோ இந்திய அதிகாரி எவரையும் அந்தக் குழு இப்படி உட்காரவைத்துக் கேட்க முடியாது. நண்பர் காக்கத் துடிக்கிற இறையாண்மை இந்த வசதிதான்.

அதுவும் முழுசாகக் காப்பாற்றப்படவில்லை. ஆயுதத் தரகர் சஞ்சய் பண்டாரியை வரி ஏய்ப்பு, சட்டவிரோதப் பணப் பரிமாற்ற வழக்குகளுக்காக இந்தியா கேட்டது. திகார் சிறையில் அவரை மிரட்டிப் பணம் பறிப்பார்கள், வன்முறைக்கும் ஆளாகலாம் என்று சொல்லி, லண்டன் உயர் நீதிமன்றம் 2025 பிப்ரவரியில் அனுப்ப மறுத்துவிட்டது. வெளிநாட்டுக்காரன் எட்டிப் பார்த்துவிட்டான். பார்த்ததில் பிழைத்தவர் பண்டாரி. பிரபாவதி அம்மாவுக்கு எதுவும் கிடைக்கவில்லை.